சேரும், சேராது, தெரியல

போடி பேருந்து நிலையத்தில் யாரிடம் வழி கேட்டாலும் பதில் கிடைக்கும். சரியான பதிலா என்பது வேறு விஷயம். கேட்டு வந்தவரைத் தெரியாது என்று சொல்லி அனுப்புவது எங்கள் ஊரில் மரியாதைக் குறைவு. ஒரு சனிக்கிழமை காலை, குச்சனூர் சனீஸ்வரர் கோயிலுக்குப் போகவேண்டிய ஒரு குடும்பம் எந்தப் பஸ்ஸில் ஏறுவது என்று விசாரித்துக்கொண்டிருந்தது. பூக்காரர் ஒரு பஸ்ஸைக் காட்டினார். பழக்கடைக்காரர் இன்னொன்றைக் காட்டினார். நான் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறவன், எனக்குத் தெரியாமல் போகுமா? கையை நீட்டி மூன்றாவதாக ஒன்றைக் காட்டினேன். பக்கத்தில் சாப்பாட்டுத் தூக்கோடு நின்றிருந்த பெண்ணிடமும் அந்தக் குடும்பத்துப் பெரியவர் கேட்டார்.

"தெரியல" என்றார் அவர்.

சொன்ன விதத்தைத்தான் நான் கவனித்தேன். அதில் கூச்சம் இல்லை, மன்னிப்புக் கேட்கிற தொனியும் இல்லை. தன் பெயரைச் சொல்வதுபோல் தலையை நிமிர்த்திச் சொன்னார். பிறகு நேரக் காப்பாளர் அறை ஜன்னலுக்குப் போய்க் கேட்டு வந்து, "அந்தா அங்கன கடைசியா நிக்கிற வண்டியாம், இன்னும் பத்து நிமிசத்துல எடுப்பாகளாம்" என்று பெரியவரிடம் சொன்னார். நான் காட்டிய பஸ் குரங்கணிக்குப் போவது. குச்சனூருக்கு நேர் எதிர்த் திசை.

அவர் ராவுத்தரின் ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்குகிறவர் என்பது எனக்கு மறுவாரம்தான் தெரிந்தது. பெயரை இங்கே போடவில்லை. போடலாமா என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ, அது எனக்குத் தெரியாது. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்த காரணத்தை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மஞ்சள் பையில் மூன்று கிலோ ஏலக்காய் இருந்தது. அது ராவுத்தர் கடைக் காயா இல்லையா என்பதில் அந்தக் கடையில் பதினோரு வருஷம் மூட்டை தூக்கிய ஒரு மனிதரின் வேலையும் மானமும் தொங்கின. அதைச் சொல்லும் முன் அந்தப் பெண்ணைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும்.

இரண்டாயிரத்து ஏழு என்று நினைக்கிறேன். கல்லூரி வேலையை வைத்துக்கொண்டே பகுதிநேரமாக எம்.இ. படித்துவந்தேன். அதற்கு ஒரு புராஜெக்ட் செய்யவேண்டும். ஏலக்காயைப் படம் எடுத்து, கம்ப்யூட்டரே நிறம் பார்த்துத் தரம் பிரிக்கும்படி செய்து காட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பெரிய காய், சின்னக் காய் என்று அளவு பார்த்துப் பிரிப்பதற்கு அப்போதே ஆட்டும் சல்லடைகள் வந்துவிட்டன. நிறத்தை மட்டும் ஆட்கள் கண்ணால்தான் பிரித்தார்கள். ராவுத்தர் உத்தமபாளையத்துக்காரர், புதிது எதையும் வரவேற்கிற மனுஷர். கடையின் முன்னறையில் கம்ப்யூட்டர் வைக்க ஒரு மேசையும், "வாத்தியாருக்கு என்ன வேணுமோ கொடுங்க" என்று ஒரு உத்தரவும் கொடுத்தார்.

நான் எழுதிய நிரலுக்கு நியூரல் நெட்வொர்க் என்று பெயர். பெயர்தான் பெரிது. காயின் படத்தை நீளம், அகலம், பச்சையின் அழுத்தம் என்று எண்களாக மாற்றிக் கொடுத்தால், ஒன்றுபோல் இருக்கிற காய்களை அது பக்கத்தில் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கும். வைக்க வைக்க அதற்கே பழகும். யாரும் எதையும் சொல்லித் தராமலே கூட்டம் கூட்டமாகப் பிரித்துவிடும் என்று படித்திருந்தேன். முதல் தடவை ஓட்டினேன். அழகாக இரண்டு கூட்டமாகப் பிரித்தது. என்ன கணக்கில் பிரித்தது என்று பார்த்தால், ஜன்னல் பக்கம் வைத்து எடுத்த காயெல்லாம் ஒரு கூட்டம், சுவர்ப் பக்கம் வைத்து எடுத்த காயெல்லாம் இன்னொரு கூட்டம். வெளிச்சத்தைப் பிரித்திருக்கிறது, காயை அல்ல.

அதற்கு எது முக்கியம் என்று மனுஷர் யாராவது கொஞ்சம் சொல்லித் தரவேண்டும். எல்லாக் காய்க்கும் சொல்லவேண்டியதில்லை, அங்கொன்றும் இங்கொன்றும் சொன்னால் போதும். மிச்சத்தை அதுவே பிடித்துக்கொள்ளும். இதுதான் என் புராஜெக்ட்டின் சாரம். சொல்லித் தர யாரைக் கேட்கலாம் என்றதும் கடை மேஸ்திரி முன்னால் வந்து நின்றார். சட்டைப் பையில் எப்போதும் காய்ந்த பச்சைப் பட்டாணி வைத்துக் கொறிக்கிறவர். ஒரே பகலில் அறுநூறு படங்களுக்குத் தரம் சொல்லிவிட்டார். ஒரு படத்துக்குக்கூடத் தயங்கவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம். இரண்டு நாள் உட்கார்ந்து அத்தனையையும் ஏற்றி ஓட்டினேன். முன்னைவிட மோசமாகப் பிரித்தது.

என்னவென்று துருவிப் பார்த்தபோது வெட்கமாகப் போயிற்று. காலையில் முதல் தரம் என்று சொன்ன அதே காயை, சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டாம் தரம் என்று சொல்லியிருந்தார். சோதிப்பதற்காகச் சில படங்களை நான் இரண்டு முறை கலந்து வைத்திருந்தேன், அது அவருக்குத் தெரியாது. அவர் பொய் சொல்லவில்லை. வாத்தியார் கேட்கும்போது தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். பஸ் நிலையத்தில் குரங்கணி வண்டியைக் காட்டிய நான் அவரை என்ன சொல்வது?

அப்போதுதான் மடியில் சுளகோடு வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்களில், பஸ் நிலையத்தில் பார்த்த அவரை அடையாளம் கண்டேன். ஆண்டிபட்டிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். என் வயதுதான் இருக்கும், முப்பத்தைந்துக்குப் பக்கம். ஒன்பது வருஷமாகக் காய் பொறுக்குகிறார். ஏலச்செடியை நேரில் பார்த்ததே இல்லை என்று அதையும் நிமிர்ந்துதான் சொன்னார்.

அவரிடம் தரம் கேட்டேன். "தரத்துக்கெல்லாம் மொதலாளி பேரு வைப்பாக சார். எனக்குச் சேருதா சேரலையான்னுதான் தெரியும்" என்றார். சரி என்று, ஒரு தடவைக்கு இரண்டு காயாகக் கொடுத்தேன். உள்ளங்கையில் உருட்டி, ஜன்னலுக்கு நேரே பிடித்து, "சேரும்" என்பார். அல்லது "சேராது". இரண்டுக்கும் காரணம் சொல்லமாட்டார். பத்து ஜோடி கொடுத்தால் அதில் நான்கு ஐந்துக்கு "தெரியல". அந்த இரண்டு காயையும் தனியாக ஒரு தட்டில் வைத்துவிடுவார்.

எனக்குப் பொறுமை கம்மி. நாலாம் நாள் கேட்டேவிட்டேன்: "ஏதாவது ஒண்ணு சொல்லுங்களேன். தட்டு நிறைஞ்சுக்கிட்டே போகுது."

"ஏதாவது ஒண்ணுன்னா அத நீங்களே சொல்லிக்கிடலாமே சார். என்னைய எதுக்குக் கேக்குறீக?"

வரிசையில் இருந்த பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டு ஜோடிகளைக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் நூற்றுச் சொச்சம் ஜோடிகள்தான் தேறின. மேஸ்திரி கொடுத்ததோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. அதை ஏற்றி ஓட்டியபோது திரையில் காய்கள் பிரிந்து நின்ற அழகை இன்றைக்கும் என்னால் மறக்கமுடியாது. கரும்பச்சை ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வெடித்தது ஒரு மூலையில் என்று எல்லாம் அதது இடத்தில் இருந்தன. ஜன்னல் வெளிச்சத்தை மிஷின் மறந்தே போய்விட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் பிரிச்சிருக்கு. அந்தத் தட்டுல கெடந்தத என்ன செஞ்சுச்சு?" என்றார்.

"அதையும் பிரிச்சிருச்சு."

"எனக்கே தெரியாததையா?" என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். நான் அப்படிப்பட்ட ஆள்தான்.

அவருடைய இந்தக் குணம் எல்லா நேரமும் ரசிக்கும்படியாக இருந்தது என்று சொல்லமாட்டேன். அவர் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு பையனுக்கு மார்க்கையன்கோட்டையிலிருந்து பெண் கொடுக்க வந்தார்கள். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார் முதலில் அக்கம்பக்கத்தில்தான் காதோடு காதாக விசாரிப்பார்கள். அப்படி விசாரிக்கும்போது யாராவது தெரியல என்று சொன்னால் அதற்கு அர்த்தம் தெரியாது என்பதல்ல. வேண்டாம், என் வாயைக் கிளறாதீர்கள் என்று அர்த்தம். பையன் குடிப்பானா என்று இவரிடம் கேட்டிருக்கிறார்கள். இவர் வழக்கம்போலச் சொல்லிவிட்டார். வந்தவர்கள் காப்பிகூடக் குடிக்காமல் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள்.

பையனின் அம்மா கடை வாசலுக்கே வந்துவிட்டார். "குடிக்க மாட்டான்னு ஒரு வார்த்த சொன்னா ஒன் வாயில இருந்து முத்தா உதுந்துரும்?" என்று தெருவே கேட்கக் கத்தினார்.

"அவுக குடிச்சும் நான் பாத்ததில்ல, குடிக்காம இருந்தும் பாத்ததில்ல. நான் பாக்குறப்பெல்லாம் சைக்கிள்ல போவாக. அவ்வளவுதான் தெரியும்" என்றார் இவர்.

எனக்குக் கோபமாக வந்தது. பையன் யோக்கியன் என்று எனக்கே தெரியும். ஒரு நல்ல காரியத்துக்காக நாக்கைக் கொஞ்சம் வளைத்தால் என்ன குறைந்துவிடும் என்று அவரிடமே கேட்டேன். "நாளைக்கு நான் ஒருத்தரப் பாத்து நல்லவுகன்னு சொன்னா, அத நீங்க நம்பணுமா வேணாமா சார்?" என்றார். எனக்குச் சமாதானம் ஆகவில்லை. இப்போதும் அந்தப் பையன் விஷயத்தில் எனக்கு அவர்மீது அரை மனஸ்தாபம் உண்டு.

மஞ்சள் பை விவகாரம் நடந்தது அதற்கு அடுத்த மாதம். கடையில் மூட்டை தூக்குகிறவரை எல்லோரும் கூடலூரார் என்று கூப்பிடுவார்கள், கம்பத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற கூடலூர் அவருக்குச் சொந்த ஊர். மதியம் சாப்பிடப் போகும்போது வாசலில் சாத்தி வைத்திருந்த அவருடைய சைக்கிள் சரிந்தது. ஹேண்டில்பாரில் தொங்கிய மஞ்சள் பை விழுந்து, தெருவெல்லாம் பச்சைப் பசேலென்று ஏலக்காய் சிதறியது. மேஸ்திரி குனிந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, "இது நம்ம காயி" என்றார்.

கூடலூராருக்கு முகம் செத்துப்போயிற்று. குமுளிக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் வேலை பார்க்கிற தன் மச்சினன், மகள் கல்யாணத்துக்கு என்று கொடுத்த காய் என்றார். காலையில் பஸ் நிலையத்தில் அவன் கையிலிருந்து வாங்கியதாகவும், வீட்டில் போய் வைத்துவிட்டு வர நேரம் இல்லை என்றும் சொன்னார். ராவுத்தர் எல்லாவற்றையும் கேட்டார். "மச்சினன்ட்ட கேட்டா அவன் மச்சானுக்காகத்தான் பேசுவான். அது சாட்சி ஆகாது" என்றார். பிறகு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுப் பையைப் பிரித்து வைத்தார். "ஆத்தா, ஒன் கண்ணுக்கு மேல கண்ணு இந்தக் கடையில இல்ல. பாத்துச் சொல்லு. நம்ம காயோட சேருதா?"

முன்னறையில் அத்தனை பேரும் நின்றோம். அவர் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, கடைக் காயோடு வைத்து உருட்டினார். ஜன்னலுக்குப் போனார், திரும்பி வந்தார். கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

"தெரியல மொதலாளி."

"தெரியலையா, சொல்ல மாட்டியா?" என்றார் ராவுத்தர். பெண் வீட்டார் எடுத்துக்கொண்ட அதே அர்த்தத்தைத்தான் அவரும் எடுத்துக்கொண்டார். கூட வேலை பார்க்கிறவரைக் காப்பாற்றுவதாக நினைத்துவிட்டார். மேஸ்திரி ஒரு பட்டாணியை வாயில் போட்டுக்கொண்டு, "அதான் தெரியுதே" என்றார்.

ராவுத்தர் என் பக்கம் திரும்பினார். "வாத்தியாரே, ஒங்க மிஷின்ட்ட கேளுங்க. அதுக்கு அண்ணன் தம்பி கெடையாது."

எனக்கு உள்ளூரப் பெருமைதான். ஒளிக்க என்ன இருக்கிறது? அந்த நிமிஷத்தில் கூடலூராரை நான் நினைக்கவில்லை, என் மிஷினைத்தான் நினைத்தேன். பையிலிருந்து இருபது காய் எடுத்து, வரிசையாகப் படம் பிடித்து ஓட்டினேன். இருபதும் எங்கள் கடைக் காய்களின் கூட்டங்களுக்குள்ளே போய்ச் சமர்த்தாக உட்கார்ந்தன. ஒன்றுகூட வெளியே நிற்கவில்லை. "எல்லாம் பொருந்துது" என்றேன். கூடலூரார் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"சார், இந்த மிஷினு வேற கடைக் காயப் பாத்திருக்கா?" அந்தப் பெண்தான் கேட்டார்.

"இல்ல. நம்ம கடைக் காய் மட்டும்தான்."

"பட்டாணி பாத்திருக்கா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் மேஸ்திரியிடம் கையை நீட்டினார். மேஸ்திரி என்ன ஏது என்று புரியாமலே ஒரு பச்சைப் பட்டாணியைக் கொடுத்தார். அதைக் கேமராவுக்குக் கீழே வெள்ளைத் தாளில் வைத்துவிட்டு, "இத என்னன்னு கேளுங்க" என்றார். ஓட்டினேன். திரையில் கொஞ்ச நேரம் புள்ளிகள் ஓடின. பிறகு ராவுத்தர் கடையின் சின்னக் காய், நல்ல பச்சை என்கிற கூட்டத்தின் நடுவில் பட்டாணி போய் உட்கார்ந்தது.

யாரோ சிரித்தார்கள். ராவுத்தர் சிரிக்கவில்லை. எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது. எங்கள் கடைக் காயை மட்டும் பார்த்து வளர்ந்த மிஷின் அது. எதைக் கொண்டுபோய் வைத்தாலும் அதில் எது கிட்டத்தில் இருக்கிறதோ அங்கே சேர்த்துவிடும். எதிலும் சேராதது என்று ஒன்று உலகத்தில் இருக்கலாம் என்று நான் அதற்குச் சொல்லியே வைக்கவில்லை. எனக்கே அந்தப் பழக்கம் இல்லையே, அதற்கு எங்கிருந்து வரும்? பின்னால் அந்த நிரலைத் திருத்தி, எல்லாக் கூட்டத்திலிருந்தும் தள்ளி நிற்கிற காய்க்குத் திரையில் 'தெரியவில்லை' என்று எழுத வைத்தேன். ஏன் இத்தனை காய்களை உங்கள் மிஷின் பிரிக்காமல் விடுகிறது என்று வாய்மொழித் தேர்வில் கேட்டார்கள். பட்டாணிக் கதையைச் சொன்னேன், தேர்வாளர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று அந்த அறையில் என் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு கூட்டத்துக்கு முன்னால் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

"தெரியல மொதலாளி. நான் சொன்னது தப்பு. என் மிஷினுக்கு இது தெரியாது."

ராவுத்தர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். கெட்டவர் இல்லை அவர். ஆனால் விலை கூடின சரக்கை ஆட்களை நம்பி விட்டுவிட்டுப் போகிற வியாபாரம் அவருடையது. கூடலூராரைப் பார்த்துச் சொன்னார்: "ஏம்பா, நம்ம காயின்னும் சொல்ல முடியல, இல்லன்னும் சொல்ல முடியல. சந்தேகம்னு வந்துருச்சு. இனிமே ஒன்னையக் கடைக்குள்ள வச்சுக்கிட முடியாது. நாளையில இருந்து வர வேணாம்."

கூடலூரார் அவரிடம் கெஞ்சவில்லை. அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"ஆத்தா, நம்ம கடைக் காயி இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதா? ஒம்போது வருசம் ஒண்ணா கஞ்சி குடிச்சிருக்கோம். மேஸ்திரி சொன்னதுகூட என்னைய ஒண்ணும் செய்யல. நீ தெரியலன்ன பாரு, அதுதான் என்னையக் கொல்லுது."

பையனின் அம்மா கத்தியபோதுகூட அசையாத அந்த முகம் அப்போதுதான் கலங்கியதைப் பார்த்தேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு ராவுத்தருக்கு நேராகப் போய் நின்றார்.

"மொதலாளி, நீங்க என்கிட்டக் காயப் பத்தித்தான் கேட்டீக."

"ஆமா."

"காயப் பத்தித் தெரியல. இப்பவும் தெரியல. அண்ணனப் பத்தி நீங்க கேக்கவே இல்லையே."

மேஸ்திரி என்னவோ சொல்ல வாயெடுத்தார். ராவுத்தர் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டு, "சரி, கேக்குறேன். எடுத்திருப்பாரா?" என்றார்.

"எடுக்க மாட்டாக."

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

ஒன்பது வருஷமாக அந்தக் கடையில் அவர் சொன்ன தெரியலைகளை எல்லாம் கேட்டிருந்தவர் ராவுத்தர். எழுந்து, மஞ்சள் பையின் வாயை முறுக்கிக் கட்டி, இரண்டு கையாலும் கூடலூராரிடம் நீட்டினார்.

"நாளைக்கு வெள்ளன வந்துருங்க. மலையில இருந்து லோடு வருது."